துதித்தால் நடந்துவிடுமா?

கேள்வி:

போதகர் ஐயர் அவர்களுக்கு ஸ்தோத்திரம். நான் கடலூர் முதுநகரில் இருக்கிறேன். பள்ளி ஆசிரியை. சபையில் பெண்கள் ஐக்கியத்தில் பாட்டு எடுத்துக் கொடுப்பது என் பொறுப்பு. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை நெல்லிக்குப்பம் பக்கத்தில் ஒரு கிராமத்துக்கு ஊழியத்துக்கும் போகிறோம். இப்போது வாலிபர் குழுவுக்குப் புதிதாக ஒரு தம்பி தலைவராக வந்திருக்கிறார். "முதலில் முக்கால் மணி நேரம் துதி ஆராதனை, அப்புறம்தான் ஜெபம். துதித்தால் தடைகள் தானாக உடையும். யோசபாத் பாடகர்களை முன்னால் அனுப்பித்தானே ஜெயித்தான்?" என்கிறார். கீபோர்டு, ரிதம் பேட் எல்லாம் வந்துவிட்டன. வயதான அம்மாமார் பாட முடியாமல் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். கிராமத்தில் பாட்டுக்குக் கூட்டம் சேருகிறது, செய்தி ஆரம்பித்ததும் கலைந்துவிடுகிறது. போன மாதம் ஒருவர் சத்தத்தைக் குறைக்கச் சொல்லி வந்து சண்டை போட்டார்.

இன்னொன்றும் எழுத வேண்டும். என் அப்பாவுக்குக் கணையத்தில் புற்றுநோய். புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். சாயங்காலம் ஆனால் அவர் காதருகே மெதுவாகக் கீர்த்தனை பாடுவேன். பக்கத்துக் கட்டிலில் பண்ருட்டிக்காரர் ஒருவர், இந்துக் குடும்பம். அவர் மனைவி, "அந்தப் பாட்டைப் பாடுங்கக்கா, இவரு அதக் கேட்டாத்தான் கண்ணசருறாரு" என்பார். அப்பா ஆகஸ்டில் இறந்துவிட்டார். துக்கம் விசாரிக்க வந்த ஒருவர், "நீங்க கேட்டு கேட்டு ஜெபிச்சீங்க. துதிச்சிருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பாட்டு எடுத்துக் கொடுக்கும்போது தொண்டை அடைக்கிறது. பாட்டுக்கு உண்மையிலேயே வல்லமை இருக்கிறதா? புதிதாகப் பெரிய ஸ்பீக்கர் வாங்க நன்கொடை கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

— பெயர் வேண்டாம், கடலூர் முதுநகர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

துக்கம் விசாரிக்க வந்தவர் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன். மற்றதெல்லாம் அப்புறம் பார்க்கலாம்.

அவர் சொன்னது தவறு. வேதத்தில் அதற்கு ஆதாரம் இல்லை. "உங்களில் ஒருவன் துன்பப்பட்டால் ஜெபம்பண்ணக்கடவன், ஒருவன் மகிழ்ச்சியாயிருந்தால் சங்கீதம் பாடக்கடவன்" என்று யாக்கோபு ஐந்தாம் அதிகாரத்தில் இருக்கிறது. அடுத்த வசனமே வியாதிப்பட்டவனைப் பற்றியது. அங்கேயும் மூப்பர்களை அழைத்து ஜெபிக்கத்தான் சொல்லியிருக்கிறது. துன்பத்தில் கேட்பது விசுவாசக் குறைவு என்றால் யாக்கோபுக்கு அது தெரியாமல் போயிருக்கிறது.

யாக்கோபை விடுங்கள், ஆண்டவரையே பாருங்கள். கடைசி இராப்போஜனம் முடிந்ததும் ஸ்தோத்திரப் பாட்டைப் பாடிவிட்டு ஒலிவமலைக்குப் போனார்கள் என்று மத்தேயு எழுதுகிறார். பஸ்காவில் பாடுகிற 113 முதல் 118 வரையான சங்கீதங்களாக இருந்திருக்கும் என்பது பொதுவான கருத்து. வாயில் துதியோடு போனவர், போய்ச் சேர்ந்ததும் முகங்குப்புற விழுந்து, இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்று கேட்டார். ஒரு தடவை கேட்டுவிட்டு விட்டுவிடவில்லை, திரும்பத் திரும்பக் கேட்டார். அந்தப் பாத்திரம் நீங்கவில்லை. துதித்தால் கேட்டது கிடைத்துவிடும் என்பது விதியென்றால், அன்று ராத்திரி அந்தத் தோட்டத்திலேயே அது பொய்த்துவிட்டது. ஆகவே நீங்கள் பாடியது போதாமல்தான் அப்பா போய்விட்டார் என்ற எண்ணத்தை எங்கிருந்து வந்ததோ அங்கேயே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

அந்தத் தம்பி சொல்கிற யோசபாத் கதைக்கு வருவோம். 2 நாளாகமம் 20. நம் ஊர் மேடைகளில் பெரும்பாலும் இருபத்தோராம் வசனத்திலிருந்துதான் இது தொடங்கும். படைக்கு முன்னால் பாடகர்கள் நடக்கிறார்கள், அவர்கள் பாடத் தொடங்கியதும் எதிரிகள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு சாகிறார்கள். முன்னால் இருக்கும் இருபது வசனங்களையும் உட்கார்ந்து படியுங்கள். ராஜா பயப்படுகிறான். பயந்தான் என்றே எழுதியிருக்கிறது. நாடு முழுவதும் உபவாசம். பெண்களும் குழந்தைகளும் உட்பட எல்லாரும் ஆலயத்தின் முன்னால் நிற்கிறார்கள். அங்கே ராஜா செய்கிற ஜெபத்தின் கடைசி வரி, எங்களுக்குப் பெலனில்லை, என்ன செய்வதென்றும் தெரியவில்லை, எங்கள் கண்கள் உம்மையே பார்க்கின்றன என்பது. ஒரு ராஜா குடிமக்கள் எல்லாருக்கும் முன்னால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லி நிற்கிறான். அதற்குப் பிறகு ஒரு லேவியன் மூலமாக கர்த்தருடைய வார்த்தை வருகிறது: யுத்தம் உங்களுடையதல்ல, தேவனுடையது. மறுநாள் காலையில்தான் பாட்டு. கிடைத்துவிட்ட வார்த்தையை நம்பிப் பாடினார்கள். பாடி அந்த வார்த்தையை வரவழைக்கவில்லை. இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் ஆராதனை என்பது நெம்புகோல் போட்டுக் கடவுளை நகர்த்துகிற வேலையாகிவிடும். அப்படிப்பட்ட சடங்குகள் எல்லா ஊரிலும் உண்டு. அதைத் துதி என்று கூப்பிட முடியாது.

அடிக்கடி சொல்லப்படுகிற இன்னொரு வசனம், அவர் துதிகளுக்குள் வாசமாயிருக்கிறார் என்பது. 22ஆம் சங்கீதம், மூன்றாம் வசனம். கீபோர்டில் மெதுவாக ஒரு கார்டை (chord) அழுத்திக்கொண்டு இதைச் சொன்னால் யாருக்கும் சிலிர்க்கும். சரி, அதே சங்கீதத்தின் முதல் வசனம் என்ன? "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" இரண்டாம் வசனம், பகலிலும் கூப்பிடுகிறேன், இரவிலும் கூப்பிடுகிறேன், பதில் இல்லை என்கிறது. அந்த இரண்டையும் பாடிவிட்டுத்தான் மூன்றாவதற்கு வருகிறான் பாடகன். நாம் முதல் இரண்டைத் தாண்டிக் குதித்து மூன்றாவதில் போய் உட்கார்ந்துகொள்கிறோம்.

150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். எவ்வளவு காலம், ஏன் மறந்தீர், ஏன் முகத்தை மறைக்கிறீர் என்கிற பாட்டுகள். 88ஆம் சங்கீதம் கடைசிவரை வெளிச்சமே இல்லாமல் இருளில் போய் முடிகிறது. அதுவும் ஆலயத்தில் பாடுவதற்காக எழுதப்பட்டதுதான். நம் துதி ஆராதனைப் பட்டியலில் இந்த மாதிரி ஒரு பாட்டாவது இருக்கிறதா? தமிழ்ப் பெண்களுக்கு ஒப்பாரி புதிதில்லை. செத்தவரின் நல்லது கெட்டதைச் சொல்லி, விட்டுப்போனதற்காக அவரையே திட்டி, கடவுளையும் கேள்வி கேட்டு, அழுகைக்கு ஒரு ராகம் கொடுத்து இறக்கி வைப்பது நம் பாட்டிகளுக்குத் தெரிந்த வித்தை. கடற்கரையில் கத்தோலிக்கக் கிராமங்கள் சிலவற்றில் தவக்காலத்தில் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் வியாகுலப் பிரசங்கத்தை ராகத்தோடு வாசித்து அழுகிறார்கள். நாம், புராட்டஸ்டண்டுகள், 'நம்பிக்கையற்றவர்களான மற்றவர்களைப்போல' அழக்கூடாது என்ற வசனத்தைப் பிடித்துக்கொண்டு ஒப்பாரியை வாசலுக்கு வெளியே அனுப்பிவிட்டோம். அந்த வசனத்தைச் சரியாகப் படித்தால், அழாதே என்று அது சொல்லவில்லை.

உங்கள் தொண்டை அடைப்பதற்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று படுகிறது. உள்ளே இருப்பது புலம்பல், கையில் கொடுத்திருப்பது கைதட்டுப் பாட்டு. கொஞ்ச நாள் எடுத்துக் கொடுக்கிற பொறுப்பை வேறொருவரிடம் விட்டுவிட்டு, கூட்டத்தில் ஒருத்தியாக உட்காருங்கள். மற்றவர்கள் பாடட்டும், நீங்கள் கேளுங்கள். அழுகை வந்தால் வரட்டும். கூட்டமாகப் பாடுவதன் வசதியே அதுதான், ஒருவருக்குக் குரல் எழும்பாத அன்றைக்கு அவருக்கும் சேர்த்து மற்றவர்கள் பாடிவிடுவார்கள். வீட்டில் 13ஆம் சங்கீதத்தை எடுத்து, தெரிந்த ஒரு மெட்டில் முணுமுணுத்துப் பாருங்கள். ஆறே வசனம்தான். இரண்டு மூன்று மாதத்துக்குப் பிறகும் தூக்கம், சாப்பாடு, பள்ளிக்கூட வேலை எதுவும் பிடிக்காமல் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். அதற்கும் விசுவாசத்துக்கும் சண்டை இல்லை.

இத்தனையும் சொல்லிவிட்டு, அப்படியானால் பாட்டுக்கு வல்லமையே இல்லையா என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது. அது வேலை செய்கிற இடம் வேறு.

உடம்பிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பாட்டு முதலில் மூச்சு சம்பந்தப்பட்டது. 2013இல் ஸ்வீடனில் கோதன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சேர்ந்து பாடுகிறவர்களின் இதயத் துடிப்பை அளந்தார்கள். ஒரே மெட்டை எல்லாரும் சேர்ந்து பாடும்போது துடிப்புகள் சேர்ந்து ஏறி சேர்ந்து இறங்கின. வரி முடிகிற இடத்தில் எல்லாரும் ஒன்றாக மூச்சு வாங்குவதால் இப்படி நடக்கிறது. ஜெபக்கூட்டத்தில் பாடி முடித்ததும் மனம் அடங்குவது வெறும் பிரமை இல்லை. படபடப்போடு வந்தவர் பாட்டின் மூச்சுக்கு வந்துவிடுகிறார், அப்புறம் ஜெபிக்க முடிகிறது. ஞாபகத்திலும் இதே கதைதான். மறதி நோயில் பிள்ளைகளின் பெயர்கூடத் தப்பிப்போனவர்கள், சின்ன வயதில் படித்த கீர்த்தனையின் பல்லவியை எடுத்துக் கொடுத்தால் சரணம்வரை தொடர்வதை முதியோரைப் பார்க்கப் போகிற எந்தப் போதகரும் பார்த்திருப்பார். சொந்தமாக வார்த்தை கோர்த்து ஜெபிக்கிற தெம்பு போன பிறகும் பாட்டாக உள்ளே போன ஜெபம் இருந்துகொண்டிருக்கிறது. உங்கள் அப்பாவுக்கு நீங்கள் செய்தது அதுதான். அவரால் ஜெபிக்க முடியாத நாட்களில், அவருக்கு மனப்பாடமான ஜெபத்தை அவர் காதில் வைத்தீர்கள்.

போகிற போக்கில் நீங்கள் எழுதிய அந்தப் பண்ருட்டி அம்மாவை நான் விட மாட்டேன். உங்கள் கேள்வியின் ஒரு பாதி ஊழியத்தைப் பற்றியது. நெல்லிக்குப்பம் பக்கத்தில் ஸ்பீக்கர் வைத்துப் பாடியபோது கூட்டம் கலைந்தது. கோரிமேட்டில், ஜிப்மரின் ஒரு வார்டில், நர்ஸ் ஏதாவது சொல்வாரோ என்று குரலைத் தாழ்த்திப் பாடியபோது பக்கத்துக் கட்டிலிலிருந்து இன்னொரு தடவை பாடச் சொன்னார்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? கிராமத்தில் நீங்கள் அவர்களைப் பார்த்துப் பாடினீர்கள். வார்டில் அப்பாவுக்காகப் பாடினீர்கள், மற்றவர் காதில் அது விழுந்தது.

பிலிப்பி சிறைச்சாலையிலும் இப்படித்தான். நடுராத்திரியில் பவுலும் சீலாவும் ஜெபித்துப் பாடுகிறார்கள், காவலில் இருந்தவர்கள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று லூக்கா எழுதுகிறார். அவர்களுக்காகக் கச்சேரி வைக்கவில்லை. முதுகெல்லாம் அடிபட்டு, கால் தொழுமரத்தில் மாட்டியிருக்கிற இரண்டு பேர் தூக்கம் வராமல் பாடியதை மற்றவர்கள் கேட்டார்கள். பூமி அதிர்ந்து கதவுகள் திறந்ததை மட்டும் நாம் பிரசங்கிக்கிறோம். அதே பவுல் பிற்காலத்தில் அந்தப் பிலிப்பி சபைக்கே சிறையிலிருந்து கடிதம் எழுதுகிறார். அந்தச் சிறையில் பூகம்பம் வந்ததாக அவர் எழுதவில்லை. சந்தோஷமாயிருங்கள் என்று மட்டும் திரும்பத் திரும்ப எழுதுகிறார்.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் கதையும் இங்கே பொருந்தும். 1736 ஜனவரி. அமெரிக்காவில் ஜார்ஜியாவுக்கு மிஷனரியாகக் கப்பலில் போய்க்கொண்டிருக்கிறார். அதே கப்பலில் ஜெர்மனியிலிருந்து கிளம்பிய, மொரேவியர்கள் என்ற புராட்டஸ்டண்டு சபையார் சிலர், குடும்பம் குட்டிகளோடு. அவர்கள் தங்கள் ஆராதனையைச் சங்கீதம் பாடித் தொடங்கிய நேரத்தில் கடல் பொங்கி, பெரிய பாய் கிழிந்து, தளத்தின் மேல் தண்ணீர் ஏறியது. ஆங்கிலேயர்கள் அலறினார்கள். மொரேவியர்கள் பாட்டை நிறுத்தவில்லை. வெஸ்லி பிறகு ஒருவரிடம் கேட்டார், உங்களுக்குப் பயமாக இல்லையா? இல்லை என்றார். சரி, பெண்களும் பிள்ளைகளும்? அவர்களுக்கும் சாகப் பயமில்லை என்றார் அந்த மனிதர். ஊழியத்துக்குப் போய்க்கொண்டிருந்தவர் வெஸ்லி. ஆனால் அன்று அவருக்குத்தான் ஊழியம் நடந்தது, தங்களுக்காகப் பாடிக்கொண்டிருந்தவர்கள் மூலமாக. 2004 டிசம்பர் 26ஐ தேவனாம்பட்டினத்தில் பார்த்த கடலூர்க்காரர்களுக்குக் கடல் பொங்குவது என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. அந்தத் தண்ணீருக்கு நடுவில் பாடுவது எவ்வளவு பெரிய காரியம் என்பதும் நமக்குத் தெரியும். அது எல்லாருக்கும் வந்தாக வேண்டும் என்று நான் சொல்லவும் மாட்டேன்.

கிராமத்துக்கு வருகிறேன். பாட்டுக்கு வந்தவர்கள் பாட்டு முடிந்ததும் போய்விட்டார்கள் என்று வருத்தப்படுகிறீர்கள். அவர்கள்மேல் தப்பில்லை. மேடை, ஸ்பீக்கர், கீபோர்டு என்று கச்சேரியின் அடையாளம் எல்லாம் இருந்தது, கச்சேரிக்கு வந்தார்கள், முடிந்ததும் கிளம்பினார்கள். எத்தனை பேர் கேட்டார்கள் என்று எண்ணுவதை விடுங்கள். யாராவது கூடப் பாடினார்களா? நீங்கள் இல்லாத நாளில் அடுப்படியிலோ கழனியிலோ ஒருத்தியாவது அதை முணுமுணுக்கிறாளா?

இந்த விஷயத்தில் நம் சபைகளுக்குப் பழைய அனுபவம் உண்டு. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குவும் அவருக்குப் பின்னால் வந்தவர்களும் ஜெர்மன் பாட்டுகளைத் தமிழாக்கி அதே ஜெர்மன் ராகங்களில் பாட வைத்தார்கள். சென்னை வேப்பேரி மிஷனில் ஊழியம் செய்த ஃபப்ரீசியுஸ் மொழிபெயர்த்த ஞானப்பாட்டுகளை லுத்தரன் சபைகளில் இன்றும் பாடுகிறோம். அழகான பாட்டுகள், எனக்குப் பிடிக்கும். ஆனால் நாற்று நடுகிற ஒரு பெண் அதைப் பாடி நான் கேட்டதில்லை. பிறகு தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) வருகிறார். மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயரிடம் படித்தவர், இரண்டாம் சரபோஜியின் அவையில் புலவர். குறவஞ்சியை ஜனங்கள் ஏற்கெனவே கோவிலிலும் தெருவிலும் பார்த்திருந்தார்கள். சாஸ்திரியார் அந்த வடிவத்தையே எடுத்துப் பெத்லகேம் குறவஞ்சி எழுதினார். வடிவம் பழகியது, கதை மட்டும் புதிது. கீர்த்தனைக்கும் இதே பலம் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட இரண்டாம் சுற்றில் பல்லவியைப் பிடித்துவிடுவார். சரணத்தைத் தெரிந்தவர் பாட, பல்லவிக்கு எல்லாரும் சேர்ந்துகொள்ளலாம்.

சாஸ்திரியார் பெயரைச் சொன்னபின் இதையும் சொல்ல வேண்டும். சபைக்குள் சாதி வழக்கம் இருக்கட்டும் என்று வாதாடியவர்களில் அவரும் ஒருவர். பாட்டு உயரமாகப் போயிற்று, பாடியவர் அந்த அளவு வரவில்லை. அதற்கு நூற்றைம்பது வருடத்துக்குப் பிறகு மதுரை இறையியல் கல்லூரியில் இருந்த தியோபிலஸ் அப்பாவு, பரட்டை என்று எல்லாரும் அழைப்பார்கள், இந்த இடத்தில்தான் கையை வைத்தார். கர்நாடக இசையில் அமைந்த கீர்த்தனை மேல்சாதியின் ரசனையைச் சுமந்துகொண்டு வருகிறது, ஒடுக்கப்பட்டவர்களின் வழிபாடு பறையிலும் நாட்டுப்புற மெட்டிலும் வரட்டும் என்றார், அப்படியே வழிபாட்டு முறையும் அமைத்தார். கீர்த்தனை விஷயத்தில் அவர் சொன்ன எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. உங்கள் அப்பாவின் காதில் கடைசிவரை இருந்தது கீர்த்தனைதானே. ஆனால் அவருடைய கேள்வியை உங்கள் சனிக்கிழமைக்கு எடுத்துப் போங்கள். அந்தக் கிராமத்தில் ஊருக்குள் பாடுகிறீர்களா, காலனியிலா? எந்தத் தெருவில் உட்காருகிறீர்கள், யார் வீட்டுத் தண்ணீரைக் குடிக்கிறீர்கள்? நீங்கள் ஒரு வரி பாடும் முன்னாலேயே ஜனங்கள் இதையெல்லாம் கவனித்துவிடுவார்கள்.

நடைமுறையில் நான் சொல்வது இது. அடுத்த சில சனிக்கிழமைகளுக்கு ஸ்பீக்கரை வீட்டில் வையுங்கள். அந்தக் கிராமத்தில் விசுவாசத்துக்கு வந்த குடும்பம் ஒன்றிரண்டு இருக்கும், அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்காருங்கள். முதலில் அவர்களைப் பாடச் சொல்லுங்கள், கும்மியோ, நடவுப் பாட்டோ, தாலாட்டோ எதுவானாலும் சரி. ஒருத்தி வரி சொல்ல மற்றவர்கள் வாங்கிப் பாடுகிற பழக்கம் நடவுப் பெண்களுக்கு உண்டு, தெருக்கூத்தில் பின்பாட்டு கேட்டு வளர்ந்தவர்கள் வேறு. அதே முறையில் நீங்கள் ஒரு வரி, அவர்கள் ஒரு வரி. ஒரு நாளைக்கு ஒரு பாட்டுக்கு மேல் வேண்டாம். ஒரு கதையை எடுத்து நாலு வரி மெட்டாக்க அவர்களையே கேளுங்கள், உங்களைவிட நன்றாகக் கட்டுவார்கள். நல்ல சமாரியன் கதையைக் கும்மியில் போட்டால் செய்திக்கென்று தனியாக ஆளைக் கூட்டி உட்கார வைக்க வேண்டிய வேலையும் குறையும். உங்கள் தலைவருக்கு இது சின்ன வேலையாகத் தெரியலாம். தெரியட்டும்.

சண்டை போட்டவரைப் பற்றி. அவர் ஊழியத்துக்கு விரோதி என்று ஜெபக்குறிப்பில் எழுதிவிடாதீர்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். இரவு பத்திலிருந்து காலை ஆறுவரை திறந்தவெளியில் பொதுவாகக் கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. அதே ஆண்டு, சென்னையில் ஒரு சபையின் மைக், டிரம் சத்தம் தொடர்பான வழக்கில், மற்றவர்களின் அமைதியைக் கெடுத்து ஜெபிக்க எந்த மதமும் சொல்லவில்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்கு ரொம்ப காலம் முன்னாலேயே ஆமோஸ், "உன் பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று" என்று கர்த்தர் சொன்னதாக எழுதி வைத்திருக்கிறார். அவருடைய கோபத்துக்குக் காரணம் டெசிபல் இல்லை, ஏழைகளை மிதித்துவிட்டு வந்து பாடியது. இருந்தாலும் அடுத்த முறை போகும்போது அந்த மனிதர் வீட்டுக்குப் போய், சத்தம் அதிகமாகிவிட்டது, மன்னியுங்கள் என்று சொல்லிவிட்டு வாருங்கள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையோ படுக்கையில் கிடக்கிற பெரியவரோ அந்த வீட்டில் இருக்கலாம்.

தலைவர் தம்பியோடு மோத வேண்டாம். அந்த வயதில் யோசபாத்தைப் பிடிக்காமல் யாரைப் பிடிக்கும்? வேதத்தைத் திறந்து முதல் இருபது வசனங்களை அவரையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். அம்மாமார் பாட முடியாததற்குப் பாதிக் காரணம் வேறு, அது சுருதி. பதிவுகளில் கேட்கிற துதிப் பாட்டுகள் உயர்ந்த ஆண்குரலுக்கு அமைந்தவை, தம்பி அதே சுருதியில் எடுக்கிறார். அறுபதைத் தாண்டிய பெண்குரலுக்கு மேலே எட்டாது, ஒரு ஸ்தாயி கீழே போனால் குரலே எழும்பாது. பாட்டின் உச்ச ஸ்வரம், கீபோர்டின் நடு சி-க்கு ஒரு ஸ்தாயி மேலே இருக்கிற சி-யைத் தாண்டாதபடி டிரான்ஸ்போஸ் பட்டனில் இறக்கச் சொல்லுங்கள். ஒரு பட்டன்தான். கூடவே, ஒவ்வொரு பாட்டிலும் ஒரு சரணத்துக்காவது எல்லா வாத்தியத்தையும் நிறுத்திவிட்டுச் சபையின் குரலை மட்டும் கேட்கலாம் என்று சொல்லிப் பாருங்கள். அந்தச் சரணத்தில் சத்தமே வரவில்லை என்றால், அதுவரை யார் பாடிக்கொண்டிருந்தார்கள் என்பது அவருக்கே புரியும். முக்கால் மணி நேரத் துதியைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். நேரத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். நடுவில் ஒரு புலம்பல் சங்கீதமும் கொஞ்சம் மௌனமும் இருந்தால் முக்கால் மணி நேரம் அதிகமில்லை, இல்லையென்றால் கால் மணியே அதிகம்.

கடைசியாக நன்கொடை. ஸ்பீக்கருக்குக் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. இருக்கிற ஸ்பீக்கரே உங்கள் ஆலயத்துக்குப் போதும். 2011 டிசம்பர் 30 காலையில் 'தானே' புயல் கரையைக் கடந்தது. மறுநாள் ராத்திரி வருட முடிவு ஆராதனை, கரண்ட் கிடையாது. மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டுதான் நாங்கள் பாடினோம். கூரை போனவர்களும் பலாவும் முந்திரியும் சாய்ந்துபோனவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். குரலுக்கு ஒரு குறையும் இல்லை. அந்தப் பணத்தில் ஒரு கஞ்சிரா வாங்குங்கள், ஜால்ரா இரண்டு ஜோடி வாங்குங்கள். மீதியில் பத்துப் பன்னிரண்டு கீர்த்தனைகளைப் பெரிய எழுத்தில் அச்சடித்து அம்மாமாருக்குக் கொடுங்கள். 13ஆம் சங்கீதத்தையும் அதில் சேர்த்துவிடுங்கள். பண்ருட்டி அம்மாவின் போன் நம்பர் உங்களிடம் இருந்தால் அவர் வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.